கருவிழித் தளர்ச்சி இலக்கணம்

கிட்டப்பார்வையுடையோர் இருவகையர்: கண்ணாடியோடு வாழ்வோர், கண்ணாடியைக் கழற்றி எறியத் துடிப்போர். முன்னவர்க்கு இந்நூலில் வேலையில்லை. பின்னவர்க்கு லேசரால் கருவிழித் திசுவைக் குறைப்பர்; அதனால் வரும் தளர்ச்சிக்கே இவ்விலக்கணம்.

கருவிழியின் நடுக்கனம் ஏறத்தாழ 540 மைக்ரான். அதில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோமா என்னும் கொலாஜன் அடுக்கு. உள்ளிருந்து தள்ளும் கண்ணழுத்தத்துக்கு ஈடுகொடுப்பது அதுவே. அதன் இழைகளெல்லாம் சமம் என்பார் அறியாதார். முன்பக்கத்தவை தென்னங்கீற்று முடைந்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தவை. பின்பக்கத்தவை சும்மா அடுக்கிக் கிடப்பவை. ஆகவே எவ்வளவு போயிற்று என்பதோடு, எங்கிருந்து போயிற்று என்றும் கேட்க. அவ்வகையில் தளர்ச்சி சுரண்டல், திறத்தல், உருவல் என மூன்றாம்.

சுரண்டலாவது பி.ஆர்.கே. மேல்தோலை நீக்கி, 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரால் நேரே செதுக்குவது. (இந்த ஒளி திசுவைக் கருக்காமல் சீவும் என்று 1981-இல், விருந்தில் மிஞ்சிய வான்கோழியை வைத்துச் சகாக்களுடன் கண்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். மிச்சத்தை வீணாக்காத குணம் எங்கே கற்றது என்று உரையாசிரியர் விளக்க வேண்டியதில்லை.)

திறத்தலாவது லேசிக். சுமார் 110 மைக்ரான் கனத்தில் ஒரு மூடி அறுத்துப் புரட்டி, அடியில் செதுக்கி, மூடியைத் திரும்ப வைப்பது. மைனஸ் 6 பவருக்கு, 6 மி.மீ. வட்டத்தில், மன்னர்லின் சூத்திரப்படி செதுக்குவது 72 மைக்ரான்தான். ஆனால் திரும்ப வைத்த மூடி பாரம் தாங்குவதில்லை, பேருக்குத்தான் இருக்கிறது. ஆக, வேலையை விட்டு நின்றது மொத்தம் 182. மூடிக்கு அடியில் 250 மைக்ரானாவது எஞ்ச வேண்டும் என்பது தொழில்மரபு. வருகிறவர் கேட்பதோ, "பிளேடா, பிளேடு இல்லாததா?"

உருவலாவது ஸ்மைல். உள்ளேயே ஒரு வில்லையை வெட்டிச் சிறு கீறல் வழியே இழுப்பது. முடைந்த முன்னடுக்கு பெரிதும் பிழைக்கும் என்பது கோட்பாடு. அளவுக் கருவிகள் அதைச் சில சமயம் ஒப்புக்கொள்வதில்லை.

தளர்ச்சி முற்றிக் கருவிழி முன்னே பிதுங்கினால் எக்டேசியா. மூவகையிலும் அது பதிவானதுண்டு. ரைபோஃப்ளேவின் சொட்டுவிட்டுப் புறஊதாக் கதிர் பாய்ச்சி, இழைகளைப் பிணைத்து நிறுத்துவர்.

புறனடை: மெலிந்த கருவிழியில் கண்ணழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். ஆதலால் பின்னாளில் குளுக்கோமா பரிசோதனைக்குப் போகிறவர், லேசர் செய்ததை டாக்டரிடம் சொல்லுதல் வேண்டும். சொல்லாதார் இருவகையர்: மறந்தோர், கல்யாணத்துக்கு முன் செய்துகொண்டு, மாமியார் பக்கத்தில் நிற்பதால் வாய் திறவாதோர்.