காசில்ஃபோர்டு மைக்கூடு

கூடுதுறை என்றதும் கைகூப்பிவிடாதீர்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஏர் ஆறும் கால்டர் ஆறும் கூடும் காசில்ஃபோர்டில் 300 ஆண்டுகளாகக் கும்பிடு விழுவது கல்லாப்பெட்டிக்குத்தான்.

1699-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஏர் வழியே லீட்ஸ் வரைக்கும், கால்டர் வழியே வேக்ஃபீல்டு வரைக்கும் படகு போக வேண்டும். ஆற்றின் வளைவுகளைக் குறுக்கே வெட்டினார்கள். அணை கட்டினார்கள், படகை ஏற்றி இறக்க லாக் கதவுகள் வைத்தார்கள். இந்த நீர்வழியின் முதலாளிகளுக்குச் சட்டப்படி பெயர் 'அண்டர்டேக்கர்ஸ்'. பொறுப்பேற்றவர்கள் என்று பொருள். பிணம் அடக்கம் செய்கிறவருக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். சட்டம் எழுதியவருக்கு என்ன ஒரு தீர்க்கதரிசனம்!

படகு தரைதட்டினால் போதும், முதலாளிகள் ஓடோடி வந்தார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதி போதவில்லையா? 1826-இல் நாட்டிங்லியிலிருந்து கூல் வரை தனிக் கால்வாயும் கூலில் ஒரு துறைமுகமும் தயார். 1860களில் பொறியாளர் பார்த்தலமியூ நிலக்கரி நிரப்பிய இரும்புப் பெட்டிகளை ரயில்போலக் கோத்து ஆற்றில் இழுக்க வைத்தார். கூலில் ஒவ்வொரு பெட்டியையும் அப்படியே தூக்கிக் கப்பலுக்குள் கவிழ்த்தது நீரழுத்த எந்திரம். மூளைக்கும் பஞ்சமில்லை, முதலுக்கும் பஞ்சமில்லை.

அதே ஆறுகளில்தான் ஆலைகள் சாயத்தையும் கம்பளி அலசிய கொழுப்பையும் கொட்டின. நகரசபைகள் மலத்தைக் கொட்டின. மேலே பிராட்ஃபோர்டு கால்வாயில் சிறுவர்கள் தீ வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் எரிந்தது. 1867-இல் மூடினார்கள், சாக்கடையை அல்ல, கால்வாயை!

அதே ஆண்டு இந்த ஆறுகளைப் பற்றி வந்த அரசு ஆணைய அறிக்கையில் ஒரு கடிதம் அச்சாகியிருக்கிறது. வேக்ஃபீல்டுக்காரர் ஒருவர் சாக்கடை விழும் இடத்தில் கால்டர் தண்ணீரை மொண்டு, அதையே மையாகத் தொட்டு, சுகாதாரக் குழுவுக்குச் சமர்ப்பணமென்று எழுதியது. தாளோடு நாற்றத்தையும் அனுப்ப முடியவில்லையே என்பதுதான் அவருடைய வருத்தம். என்னைக் கேட்டால், அந்த நூற்றாண்டின் ஆகச் சிறந்த அங்கதம் அதுதான்.

பெரியவர்களும் அசைந்தார்கள்: ஒன்பது ஆண்டு கழித்து! 1876-இல் வந்த ஆறு மாசுத் தடுப்புச் சட்டப்படி ஆலைக்காரர் மீது வழக்குப் போட அரசு வாரியத்தின் அனுமதி வேண்டும். 'முடிந்த அளவு தடுத்துப் பார்த்தேன்' என்று காட்டிவிட்டால் ஆலைக்காரர் வீட்டுக்குப் போகலாம். படகுக்கு இரும்பில் சட்டம், ஆற்றுக்கு வெண்ணெயில்.

அடுத்த நூற்றாண்டில் காசில்ஃபோர்டு அணையில் சோப்பு நுரை மலையாய் எழும்பி, காற்றடித்தால் ஊருக்குள் பறந்தது. 1989-இல் தண்ணீர் வாரியங்களையே தனியாருக்கு விற்றார்கள். ஆறு முன்பைவிடத் தேவலை, மீன் திரும்பியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் 2023-இல் இங்கிலாந்து முழுவதும் சாக்கடைகளின் மழைநேரத் திறப்புகள் வழியே சுத்திகரிக்காத கழிவு வெளியேறிய நேரம் 36 லட்சம் மணி.

அணையருகே 2008-இல் அழகான நடைபாலம் ஒன்று திறந்தார்கள். உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க அதில் இருக்கையும் உண்டு. போகிறவர்கள் தொட்டெழுதும் பேனா ஒன்றைக் கொண்டுபோங்கள். மை கீழேயே ஓடுகிறது.