அமெரிக்காவின் கௌரவ வக்கீல்

எனக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள சம்பந்தம், கம்பெனி அனுப்பியதால் நியூ ஜெர்ஸியில் சில வருஷம் குப்பை கொட்டியது மட்டும்தான். இப்போது ஜாகை ஜெர்மனியில். ஆனால் இங்கே ஆபீசில் யாராவது அமெரிக்கச் சாப்பாட்டைக் கிண்டல் பண்ணினால் எனக்குச் சுருக்கென்கிறது. கிரீன் கார்டுகூடக் கிடைக்காதவனுக்கு எதற்கு இந்த ரோஷம் என்று கேட்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்று.

போன முறை அமெரிக்கா போய்த் திரும்பும்போது ஒரு பெட்டி நிறைய ஆதாரம் வாங்கி வந்தேன். ஆபீஸ் கிச்சனில் பரப்பி வைத்து, "வாருங்கள், ருசித்துவிட்டுப் பேசுங்கள்" என்று எல்லோருக்கும் மெயில் தட்டினேன். சும்மா கிடந்த சங்கு. ஊதியவன் நான்.

முதலில் ரூட் பியர். பெயரில் பியர் இருப்பதால் ஜெர்மன்காரர் ஆவலோடு வந்தார். ஒரு வாய் குடித்தார். கேனைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தை எல்லாம் படித்தார். "இதைக் குடிக்கணுமா, முழங்காலில் தேய்க்கணுமா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ரூட் பியரில் தூக்கலாக அடிப்பது வின்டர்கிரீன் வாசனை. அதற்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட்டை ஐரோப்பியர்கள் வலிக்களிம்பிலும் மவுத்வாஷிலும்தான் சந்தித்திருக்கிறார்கள். நான் விடவில்லை. 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் சார்லஸ் ஹயர்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர் இதை ஊருக்கு அறிமுகம் செய்தது, ஆதியில் சாசஃப்ராஸ் வேர்ப்பட்டையில் போட்டது, அதிலிருக்கும் சஃப்ரோல் உடம்புக்கு ஆகாது என்று 1960இல் தடை வந்தது, எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தேன். "ஆக, மருந்துக்கடைச் சரக்கு. அதையும் அரசாங்கமே தடை பண்ணியிருக்கிறது" என்று சுருக்கினார். என் கட்சிக்காரரை நானே மாட்டிவிட்டிருந்தேன்.

அங்கே சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். முதன்முதலாக ரூட் பியரை வாயில் வைத்தபோது எனக்கும் ஞாபகம் வந்தது அயோடெக்ஸ்தான். அதிலும் இருப்பது அதே மெத்தில் சாலிசிலேட். வாங்கிக் கொடுத்தவர் மேனேஜர் என்பதால் "சூப்பர்" என்று சொல்லி முழுக் கிளாஸையும் காலி பண்ணினேன். அவர் சந்தோஷப்பட்டு இன்னொன்று வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து சாக்லேட். பெல்ஜியத்துப் பெண்மணி ஓரத்தில் கடித்தார். டிஷ்யூவைத் தேடினார். "வாந்தி வாசனை வருகிறது" என்றார், கோபமே இல்லாமல். சொன்னதில் பொய்யில்லை. பால்கொழுப்பு சிதையும்போது வருகிற பியூட்டிரிக் அமிலம் சில அமெரிக்கச் சாக்லேட்டுகளில் லேசாகத் தட்டும். அது வாந்தியிலும் உண்டு, பார்மீசான் சீஸிலும் உண்டு. அதைத் தின்றே வளர்ந்த அமெரிக்கனுக்குச் சாக்லேட் என்றாலே அந்த ருசிதான். நான் சாமர்த்தியமாக வாந்தியை விட்டுவிட்டுப் பார்மீசானை இழுத்தேன். அதுவரை ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்த இத்தாலிக்காரர் கப்பைக் கீழே வைத்தார்.

நிலைமையைச் சமாளிக்க ஸ்ப்ரே சீஸை எடுத்தேன். ஆமாம், டப்பாவை அமுக்கினால் சீஸ் பீய்ச்சும். அமெரிக்காவில் இருந்த காலமெல்லாம் அதை நான் தொட்டதே இல்லை. மூக்கை அழுத்துவதா, சாய்ப்பதா என்று குழம்பியதில் பாதி பிஸ்கட்டிலும் பாதி என் சட்டைக் கையிலும் இறங்கியது. சிரித்த ஸ்விஸ்காரரிடம், "பிராசஸ்டு சீஸ் பிறந்ததே உங்கள் தூன் நகரத்தில், 1911இல். அமெரிக்காவில் கிராஃப்ட் பேடன்ட் வாங்கியது 1916இல்தான்" என்று மடக்கினேன். மடங்கவில்லை. "வெளியிலிருந்து பால் பொருளைப் பெட்டியில் வைத்து ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுவரக் கூடாது, தெரியுமில்லையா?" என்றார். யூனியனில் சேராத நாட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மிச்சத் தடயத்தை நாப்கினால் துடைத்தேன்.

"குளிர்பானத்திலாவது அமெரிக்காவை மிஞ்ச முடியுமா?" என்று ஃபாண்டாவை நீட்டினேன். பளபளக்கும் அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து ஜெர்மன்காரர் கண்ணைச் சுருக்கினார். இங்கே விற்கிற ஃபாண்டாவில் நிஜ ஆரஞ்சுச் சாறு கொஞ்சம் இருக்கும். நிறம் சாதுவாக இருக்கும். நான் கொண்டுவந்த கேனில் சாறு சொட்டுகூடக் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. ஃபாண்டா பிறந்தது 1940இல், ஜெர்மனியில். யுத்தத்தில் கோலா சிரப் வராமல் போக, சீஸ் செய்து மிஞ்சிய தண்ணீரையும் ஆப்பிள் சக்கையையும் வைத்து ஒப்பேற்றிய பானம். அவர் ஊர்ப் பானத்தை அவருக்கே ஊற்றிக் கொடுத்து அமெரிக்கப் பெருமை பேசியிருக்கிறேன்.

கடைசியில் அயர்லாந்துக்காரர் வந்தார். ரொட்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார். அமெரிக்க சாண்ட்விச் கடையான சப்வேயின் கிளைகளை நடத்தும் நிறுவனம் ஒன்று, ரொட்டிக்கு உண்டான வரிச் சலுகை கேட்டு அவர்கள் ஊர் சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. மாவின் எடையில் சர்க்கரை 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அந்த ரொட்டியில் 10 சதவீதம். சலுகை பெறும் ரொட்டியாக அதை ஏற்க முடியாது என்று 2020இல் தீர்ப்பு. சுப்ரீம் கோர்ட்டே சொன்ன பிறகு கௌரவ வக்கீல் என்ன வாதாடுவது? சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் எல்லோரும் பெட்டியின் அடியை எட்டிப் பார்த்தார்கள். ஊற்றிக் கொடுப்பதற்காக வாங்கி, பிரிக்க மறந்துபோன சிவப்பு பிளாஸ்டிக் கப் கட்டு. "சினிமாவில் பார்ட்டி சீனில் வருமே, அதுவா? நிஜமாகவே இப்படி ஒரு கப் இருக்கிறதா?" ஆளாளுக்குக் கையில் பிடித்து செல்ஃபி எடுத்தார்கள். பெல்ஜியத்துப் பெண்மணி இரண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். இத்தாலிக்காரர்கூடச் சிரித்தார்.

அடுத்த முறை போகும்போது நிறைய வாங்கி வரச் சொல்லி ஜெர்மன்காரர் காசை முன்கூட்டியே கொடுத்துவிட்டார். குடிக்க என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். "அந்தக் கவலை உனக்கு வேண்டாம், பியர் எங்களிடம் இருக்கிறது" என்றார்.