வேகமும் விளக்கமும்

கேள்வி: நிமிஷத்துக்கு ஆயிரம் சொற்கள் படிக்கக் கற்றுத் தருவதாகச் சிலர் விளம்பரம் செய்கிறார்களே, பொருள் சிதையாமல் அவ்வளவு விரைவாகப் படிக்க இயலுமா?
(ஒரு வாசகர், டி. கல்லுப்பட்டி)

பதில்: இயலாது. அத்தகைய பயிற்சி பக்கம் புரட்டும் விரலுக்கேயன்றிப் புத்திக்கன்று. வரியின்மீது கண் வழுக்கிச் செல்வதில்லை. தத்தித் தத்தி, ஒவ்வொரு தங்கலிலும் சில எழுத்துக்களை மட்டுமே தெளிவாகக் கண்டு செல்கிறது. உளவியலாளர் கீத் ரேய்னர் முதலியோரின் ஆராய்ச்சிக் கட்டுரையும் (2016), வேகம் மிகுந்தால் விளக்கம் குறையும் என்றே முடிவு கூறியது.

ஆயினும் மனம் தளர வேண்டா. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லாத ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கி, உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தாரென்றால், அதற்குத் துணைநின்றது கண்ணின் சாமர்த்தியம் அன்று. இளமைமுதல் அவர் சேர்த்துவைத்திருந்த நூலறிவே. அறிந்த சொல்லும் பழகிய விஷயமும் பெருகப் பெருக, வேகம் தானே வந்து சேரும்.

பழகிப் பார்க்க, தங்களூர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இறுதி ஆண்டுகளைக் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவின் நூலொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளடக்கத்தையும் முன்னுரையையும் முதலில் பார்த்து, ஆசிரியர் எதை நிரூபிக்க முயல்கிறார் என்று உணர்ந்துகொண்டு, தெரிந்த செய்திகளை விரைந்து கடந்து, வாதம் திரும்புமிடத்தில் மட்டும் நின்று நிதானமாய்ப் படியுங்கள். அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, அதன் சாரத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால், வெட்கப்படாமல் மீண்டும் படியுங்கள்.