ஓர் ஏரி, ஏழு படகு: அலைவரிசைத் தகராறு பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

விழுப்புரம் மாவட்டக் கிளியனூர்ப் பக்கத்து ஏரியில் ரிமோட் படகு விடுவதை முனைவர் பட்டத்துக்கு உரிய பொருளாக யாரும் ஒப்பமாட்டார்கள். இக்கட்டுரை எழுத அதுவே போதிய காரணம்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு படகு வாங்கித் தருகிறார் மாமா. இரண்டும் 27 மெகாஹெர்ட்ஸ், ஒரே சேனல். அண்ணன் வலப்பக்கம் திருப்ப, தம்பியின் படகும் வலப்பக்கம் திரும்புகிறது.

"ஏண்ணா என் போட்ட திருப்புற?"

"நான் எங்கடா திருப்பினேன்? அதுவா போவுது!"

இருவர் சொல்வதும் உண்மை. தெருவில் நின்று "முருகா" என்று கூப்பிட்டால் நாலு முருகன்கள் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா, அதே கதைதான். படகுக்கு அலைவரிசை தெரியும், முதலாளியைத் தெரியாது.

2. முன்னோர் ஆய்வு

1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா தொட்டியில் படகை மிதக்கவிட்டு, கம்பியில்லாமல் ஓட்டிக்காட்டினார். உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்றுகூடச் சிலர் நினைத்ததாகச் சொல்வார்கள். அன்று தகராறு எழவில்லை. டெஸ்லா கல்யாணமே செய்துகொள்ளாதவர். எனக்கும் ஒன்று வேண்டும் என்று அழ வீட்டில் பிள்ளை இல்லை.

3. வண்ணக் கோட்பாடு

பின்னால் வந்தவர்கள் 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஆறு சேனல்களாகப் பிரித்தார்கள். 26.995 பழுப்பு, 27.045 சிவப்பு, 27.095 ஆரஞ்சு, 27.145 மஞ்சள், 27.195 பச்சை, 27.255 நீலம். ரெசிஸ்டரில் ஒன்று முதல் ஆறு வரை குறிக்கும் அதே நிற வரிசை. சேனலை மாற்ற ரிமோட்டிலும் படகிலும் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலை ஜோடியாக மாற்றி, ஆன்டெனாவில் அந்த நிறத் துணியைக் கட்டவேண்டும். ஒரு நிறத்தை இருவர் கட்டக்கூடாது.

விழுப்புரம் மாவட்டத்தில் இக்கோட்பாட்டுக்கு ஒரு நடைமுறை இடர் உண்டு. கம்பியில் துணி கட்டி நின்றால், படகைப் பார்க்குமுன் "எந்தக் கட்சி?" என்று கேட்பார்கள். ஆறில் பழுப்பு ஒன்றே தேர்தலுக்கு ஆகாத நிறம். ஆகவே எல்லாரும் பழுப்பையே கேட்பார்கள். சிக்கல் பழையபடி தொடங்கும்.

4. கிளிப் முறை

வெளிநாட்டுக் கிளப்புகள் கரையில் ஒரு பலகை வைத்து, சேனலுக்கு ஒரு துணிக் கிளிப் மாட்டின. கிளிப் கையில் இருப்பவரே ரிமோட்டை ஆன் செய்யலாம். ஏழாவதாக வந்தவர் டீ குடித்துவிட்டு வரவேண்டும். கிளிப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே சாப்பிடப் போய்விடும் பெரியவரை என்ன செய்வது? இதற்கு மின்னணுவியல் விடை தராது.

5. தாவல் கோட்பாடு

1942இல் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டீலும், எதிரி குறுக்கிட முடியாதபடி அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும் டார்பிடோ ரிமோட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். பியானோக் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் பலவும் இப்படித் தாவுபவைதான். அத்துடன் "பைண்ட்" (இணைப்பு) செய்யும்போது படகு தன் ரிமோட்டின் அடையாள எண்ணை மனப்பாடம் செய்துகொள்கிறது. பிறகு வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பாது. பத்துப் படகு விட்டாலும் கொடி வேண்டாம், கிளிப் வேண்டாம். இந்தியாவில் இந்தப் பட்டைக்கு 2005இல் உரிம விலக்கும் கிடைத்தது.

6. உப்பின் பங்கு

மரக்காணம் உப்பளப் பாத்தியில் படகு விட எண்ணுவோர் கவனிக்க. அங்கே தண்ணீர் கணுக்கால் மட்டம், படகு தரைதட்டும். மிதித்துக் கெட்டிப்படுத்திய தரையில் கால் வைத்தால் உப்பளத் தொழிலாளி விரட்டுவார், அது நியாயம். உப்புநீர் ரேடியோ அலையை விழுங்கிவிடுவதால் பொம்மை நீர்மூழ்கிக்கு வாய்ப்பே இல்லை. மேலே மிதக்கும் படகிலும் ஆன்டெனா தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கவேண்டும்.

7. முடிவும் பரிந்துரையும்

அலைவரிசைத் தகராறு தீர்ந்துவிட்டது. அண்ணன் தம்பி தகராறு தீரவில்லை. முன்பு இரண்டு படகு மோதினால் பழியைக் காற்றில் போடலாம். இப்போது ஓட்டியவன்தான் குற்றவாளி. எனவே மாமாக்கள் பெட்டியில் 2.4 என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்கவும். பக்கத்துக் கழுவேலிச் சதுப்புநிலம் 2021 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே எந்த அலைவரிசையிலும் படகு விடவேண்டாம்.