நாக்கு வைத்ததே சட்டம்

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் நடுவில் இருக்கும் குளுவாங் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு மதிப்பெண் போடும் பொறுப்பை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். மாயவரத்தில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, தொழிற்சாலை வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தவனுக்கு நாக்கு ஒன்றுதான் பூர்வீகச் சொத்து. பிழைப்பு தரக்கட்டுப்பாட்டுத் துறையில் என்பதால், வீட்டுக் கணினியிலும் ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன். கடை, பதார்த்தம், உப்பு, புளி, காரம், பரிமாறுபவர் முகம் என்று வரிசையாகக் கட்டங்கள். மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம வீடு எத்தனையாவது வரிசை?" என்று கேட்டாள். கோப்புக்கு அன்றே கடவுச்சொல் போட்டுவிட்டேன்.

டயர் விற்கும் பிரெஞ்சுக் கம்பெனியான மிஷ்லின், மோட்டார்காரர்களுக்காக 1900-ல் ஒரு கையேடு போட்டது. 1926-ல் நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. மலேசியாவுக்கு 2022 டிசம்பரில்தான் அதன் முதல் பட்டியல் வந்தது. அதில் கோலாலம்பூரும் பினாங்கும் மட்டுமே. குளுவாங் காலியிடம் என்று எடுத்துக்கொண்டேன். மிஷ்லின் ஆட்கள் யாரென்று சொல்லிக்கொள்ளாமல் போய், சாப்பிட்டு, தங்கள் காசைக் கொடுத்துவிட்டு வருவார்களாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டாம் தடவை போனபோதே, "சார், அதே மேசைதானே?" என்றார்கள். அதற்கடுத்த தடவை கேட்காமலே ஒரு வடை வந்தது, காசில்லாமல். வடை வாங்கிய கையால் ரசத்துக்குக் குறைத்துப் போட எந்த நீதிபதிக்கு மனம் வரும்? வடை நன்றாக இருந்தது என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

சின்ன ஊரில் இது பெரிய தொல்லை. கடைக்காரரைக் கடையில் மட்டும் பார்த்தால் போதாது. அவர் மகனும் என் மகளும் ஒரே தமிழ்ப்பள்ளி. தைப்பூசத்தன்று அன்னதானத்தில் கரண்டி அவர் கையில்தான் இருக்கும். ரசத்தில் புளி தூக்கல் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு அவர் முன்னால் தட்டை நீட்டும் துணிச்சல் எனக்கு இல்லை.

இன்னொரு தொல்லை பெருக்கல். எந்த விலையைப் பார்த்தாலும் மனம் வெள்ளியை, அதாவது ரிங்கிட்டை, இருபதால் பெருக்கி ரூபாயாக்கிவிடும். பன்னிரண்டு வெள்ளி வாழையிலைச் சாப்பாட்டுக்கு 240 ரூபாயா என்று தொண்டை அடைக்கும். சம்பள நாளன்றும் இதே பெருக்கல்தான் நடக்கிறது; அன்றைக்கு மட்டும் ஏனோ அடைப்பதில்லை. ஆகவே விலைக் கட்டத்தை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். கிழமைக் கட்டமும் போய்விட்டது. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலைநாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி என்று பழகிய வயிற்றை வெள்ளிக்கு மாற்றுவதற்குள் பாதி ஆயுள் போயிற்று. மாறி முடித்ததும் 2025 ஜனவரியில் பழையபடி சனி, ஞாயிறு ஆக்கிவிட்டார்கள்.

வழக்குகளில் நெடுநாள் இழுத்தது கோப்பி வழக்கு. இந்த ஊருக்குக் கோப்பியால்தான் பேர். ரயில் நிலையத்துக் கோப்பிக் கடை 1938 முதல் நடக்கிறது. கரி அடுப்பில் வாட்டிய ரொட்டியில் வெண்ணெயும் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாமும் தடவிக் கொடுப்பதைச் சாப்பிட வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நானோ டிகிரி காப்பிக்காரன். பித்தளை டவரா, நுரை, பசும்பால், அப்படியெல்லாம். இங்கே துணிப்பையில் வடிகட்டி, கெட்டிப் பாலின் மேல் ஊற்றிய கறுப்பு வஸ்து வந்தபோது, இதை எந்தச் சட்டப்பிரிவில் விசாரிப்பது என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் கேட்டேன். குளுவாங்கிலேயே பிறந்தவர்; அவருடைய தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்.

"அண்ணே, இது லைபீரிக்கா கொட்டை. ஜொகூர்லதான் அதிகம் போடுறாங்க. சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கிறது. உங்க ஊர்ல எப்படி?"

நான் பெருமையோடு, பீபெரி இத்தனை பங்கு, சிக்கரி இத்தனை பங்கு என்று விளக்கினேன்.

"சிக்கரின்னா?"

"அது ஒரு வேர்."

"அப்ப உங்க காப்பியில கொஞ்சம் காப்பியே இல்லியே லா."

நீதிமன்றம் சிறிது நேரம் ஒத்திவைக்கப்பட்டது.

பிறகு வாத்தியாரே மீதிக் கதையையும் சொன்னார். இலங்கைக் காப்பித் தோட்டங்களில் 1869 முதல் இலைத்துரு நோய் பரவி, காலப்போக்கில் பயிரையே அழித்தது. துரைமார்களில் சிலர் மலாயாவுக்கு வந்து லைபீரிக்கா போட்டுப் பார்த்தார்கள். அதற்கு மண் வெட்டவும் தமிழர்களைத்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினார்கள். நூற்றாண்டு முடியும்போது காப்பி விலை சரிய, ரப்பர் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாகப்பட்டினம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். ஊர்க்காரர்கள் கப்பலில் வந்து நட்ட செடியை, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து விமானத்தில் வந்து, "இதெல்லாம் ஒரு காப்பியா?" என்று கேட்கிறேன். தீர்ப்பு எழுத இடையூறு செய்யும் இதுபோன்ற தகவல்களை வாத்தியார் கையில் ஏராளமாக வைத்திருக்கிறார்.

லக்சா ஜொகூர் அடுத்து. மீனும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கெட்டிக் குழம்பு, மேலே வெள்ளரி, வெங்காயம், முளைப்பயறு. அடியில், சத்தியமாக, இத்தாலிய ஸ்பகெட்டி. ஐரோப்பாவுக்குப் போய்வந்த சுல்தான் அபு பக்காருக்கு ஸ்பகெட்டி பிடித்துப்போனதுதான் காரணம் என்று கதை சொல்வார்கள். மரபுப்படி கையால் சாப்பிட வேண்டும். வாரும்போது எனக்கு ஒரு கற்பனை. நேப்பிள்ஸிலிருந்து ஓர் இத்தாலியர் வந்து எதிரே உட்கார்ந்து, "நூடுல் ஓவராக வெந்துவிட்டது, சீஸைக் காணோம், எங்கள் பாட்டி பார்த்தால் அழுவாள்" என்று குறிப்பெழுதுகிறார். எனக்கு வந்ததே கோபம்! ஐயா, உங்கள் பாட்டிக்கு யார் சமைத்தது, இது மீன் தின்னும் ஊர், போய் வேறு வேலையைப் பாரும் என்று மனத்துக்குள்ளேயே அவரை விரட்டியடித்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன். இத்தாலியர் மாயவரத்து மீசையோடு நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பண்டம் எதுவாக இருக்க நினைக்கிறதோ அதற்கு மட்டுமே மார்க். இந்த விதிப்படி ரொட்டி சானாய் தப்பித்தது. காலை ஏழு மணிக்குப் பரோட்டாவா என்று நான் பதறியதெல்லாம் சட்டப்படி செல்லாது. சால்னாவை எதிர்பார்க்காமல் பருப்புக் கறியில் தோய்த்துத் தின்றால், விளிம்பு மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்கிறது. அதுதான் அதன் இலட்சணம்.

விதி தடுமாறுவது வாழையிலையில். எங்கள் பக்கம் சாம்பார் முடிந்து ரசம், ரசம் முடிந்து மோர். இடையில் வரம்பு கட்டியதுபோல் ஒழுங்கு. இங்கே பரிமாறுபவர் மீன்கறி, கோழிக்கறி, பருப்பு மூன்றையும் ஒரே சோற்றில் வெள்ளமாக ஊற்றுகிறார். அதற்கு மலாயில் 'பாஞ்சிர்', அதாவது வெள்ளம், என்றே பேர் வேறு. ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. பொரித்த பாகற்காயை அப்பளம்போல் நொறுக்குகிறார்கள். அதில் கசப்பு இருந்தும் என் மகள் இரண்டாம் தடவை கேட்கிறாள்; வீட்டில் அதே பாகற்காயை மேசைக்கடியில் தள்ளுகிறவள். மனைவியின் எதிரில் அந்தப் பாகற்காய்க்கு எத்தனை மார்க் போட்டேன் என்பதைச் சொல்ல இயலாது. கடவுச்சொல் அதற்காகத்தானே.

போன வாரம் அந்த வாழையிலைக் கடைக்குக் குடும்பத்தோடு போனோம். உட்கார்வதற்குள் பரிமாறுகிற தம்பி அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: "அக்கா, குராங் மானிஸ் அங்கிள் வந்துட்டாரு! கறியெல்லாம் தனித்தனி கிண்ணம். தே தாரிக் சூடு பத்தலேன்னு திருப்பி அனுப்புவாரு, மொதல்லயே கொதிக்கக் குடுங்க. ரசத்த மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. காசு கரெக்டா குடுத்துடுவாரு."

குராங் மானிஸ் என்றால் மலாயில் இனிப்புக் குறைவு. மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அந்தத் தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எல்லாம் சரியாச் சொன்ன தம்பி, ஒண்ணு மட்டும் விட்டுட்ட. சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்து எழுதி வேற வைப்பாரு" என்றாள்.

"தெரியும் அக்கா," என்றான். "அதுக்குத்தான் வடை."