சீமைக்கருவேலத்துக்கு வந்த வாழ்வு

ஏலே மக்கா, வா, இப்படித் திண்ணையில உக்காரு. பெங்களூர்ல இருந்து சேக்காளிமாரு எட்டுப் பேரு குற்றாலத்துச் சாரலுக்கு வாரானுவளாம். ராத்திரி நம்ம புறவாசல்ல பன்னிக்கறியைப் புகையில போட்டுக் கொறிக்கக் குடுக்கப்போறியாம். உங்க அம்மை சொன்னா. நல்ல காரியம். வீரகேரளம்புதூர்ல அனுமன் நதி வந்து சிற்றாத்துல சேர்ந்ததுக்குப் பொறவு நடக்கப்போற பெரிய விசேஷம் இதுதான்.

உனக்கு ஒரு பார்சல் வந்துது. பிரிச்சுப் பாத்தேன், கோவிக்காத. உள்ள மரச்செதில். விலையைப் படிச்சேன், கண்ணாடியைத் துடைச்சிட்டு இன்னொருக்கப் படிச்சேன். மேல ‘மெஸ்கீட்’னு போட்டிருக்கு. அது என்னன்னு தெரியுமாடே? டெக்சாஸ்காரன் கறி சுடுத மரம். நம்ம குளத்துக்குள்ள முள்ளும் மொடையுமா நிக்குதே சீமைக்கருவேலம், அதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். 2017-ல ஐகோர்ட்டே தம்பியை வேரோட பிடுங்கச் சொல்லிச்சு. நீ அண்ணனுக்குக் கப்பல் கூலி குடுத்து வரவழைச்சிருக்க. படிச்ச பிள்ளை, காரணம் இல்லாமலா செய்வ.

ஆனா அந்தப் புகைக்கு உறைப்பு சாஸ்தி. மூணு மணி நேரம் அதையே போட்டியானா கறி கசந்து போவும். கங்குக்குச் சீமைக்கருவேலக் கரி போதும், ராமநாதபுரத்துக்காரன் மூட்டை மூட்டையா சுட்டுப் போடுதான். மணத்துக்குக் கிணத்தடியில பட்டுப்போன கொய்யா கிடக்கு, நாலு துண்டு தறிச்சுக்க. பிரிட்ஜ் வந்த பலகைப்பெட்டியை மட்டும் உடைச்சுப் போட்டுராத. பைன் மரம், பிசின் பிடிச்சது, கறியில பெயிண்டு வாடை அடிக்கும்.

கறி பண்ணையில வளந்த வெண்பன்னியா வாங்கு. வயித்துக்கறி, தோலு, கொழுப்பு, சதைன்னு அடுக்கடுக்கா இருக்கணும். சதைக்குள்ள அரிசிமணி கணக்கா வெள்ளைப்புள்ளி கிடந்தா விலை குறைச்சுக் கேக்காத, திரும்பிப் பாக்காம வந்துரு. அது நாடாப்புழுக் குஞ்சு. அரைவேக்காட்டுல தின்னா, உன் சேக்காளி வயித்துல வாடகை குடுக்காத ஒருத்தன் பத்தடி நீளத்துக்குக் குடியிருப்பான். உள்ள சூடு 71 டிகிரி தாண்டணும்; வாயில வச்சதும் இளகணும்னா 90 தொடணும். கொஞ்சம் பச்சையா இருந்தாத்தான் ருசின்னு எவனாவது சொன்னாம்னா அவனுக்குத் தயிர்சோறு போடு.

ரெண்டு விரக்கடைக்குத் துண்டு போட்டு, உப்பு, மிளகு, தட்டின பூண்டு, கொஞ்சம் மஞ்சள் தடவி ராத்திரி முழுக்கப் பிரிட்ஜுல வையி. மறுநாள் பாதியா அறுத்த டிரம்முல கங்கை ஒரு ஓரமா ஒதுக்கு. கறி அடுத்த ஓரத்துல. கங்குக்கு மேல வச்சியானா அது சுட்டகறி, புகைக்கறி இல்ல. நடுவுல ஒரு சட்டியில தண்ணி. மூடு. உள்ள 110 டிகிரி போல நிக்கட்டும், மூணு மணி நேரம். செங்கோட்டைக் கணவாய்க் காத்து இந்த மாசம் காத்தாடியையே முறிக்கப் பாக்கும். தொழுவத்துச் சுவத்துக்குக் கிழக்க மறைவா வையி, இல்லைன்னா கங்கு எரிஞ்சு தீந்துரும்.

இப்பம் முக்கியமான விஷயம் கேளு. புகை வெள்ளையா, மொத்தமா, பஞ்சு மூட்டை கணக்கா வந்தா ‘ஆகா’ன்னு போட்டோ எடுப்பிய. அது விறகு மூச்சு முட்டி இருமுத புகை. கறி மேல கரிப்பிசுக்கா ஒட்டும். மூடியோட சந்தைக் கொஞ்சம் திறந்து காத்து விடு. பொறவு மெல்லிசா, லேசா நீலம் பாரிச்சு, இருக்கா இல்லையான்னு கண்ணைச் சுருக்கிப் பாக்க வேண்டியிருக்கும். அதுதான் புகை. பத்து நிமிஷத்துக்கு ஒருக்க மூடியைத் தூக்கி வீடியோ பிடிச்சியானா, மூணு மணி நேரம் ஆறு மணி நேரமாவும். உனக்கென்ன, லீவு போட்டுத்தான வந்திருக்க.

கடைசி அரை மணியில கருப்பட்டிப் பாகுல வத்தல்தூள், புளிக்கரைசல் குழைச்சுத் தடவு. முன்னாடியே தடவினா கருப்பட்டி கருகி, கறி கசாயமாயிரும். எறக்கின பொறவு புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒண்ணைப் பிழிஞ்சு விடு. தென்னை ஈர்க்கைச் சீவி ஒவ்வொண்ணுலயும் குத்திக் குடு, கையில பிசுக்கு ஒட்டாது. பிளாஸ்டிக் குச்சி வாங்கிருக்கியாமே? அதை மாட்டுக் கொட்டில்ல வையி, மாடு பல்லு குத்தட்டும்.

உங்க ஆச்சி பன்னிக்கறி நடை தாண்டப்படாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டா. அவ சொன்னா மீறக் கூடாது. எறக்கினதும் தொழுவத்துச் சுவர் மேல ஒரு இலையில ஏழெட்டுத் துண்டு வச்சிட்டு, அந்தப் பக்கம் பாத்து நில்லு. என் பங்கு அதுல இல்ல, அதைத் தனியாக் குடு. இருட்டுக்குள்ள கொலுசுச் சத்தம் கேட்டா, பூனைன்னு நினைச்சுக்க.