நாலே மணி நேரத்துல துபாய்

"துபாய் என்னங் மாமா, நாலே மணி நேரம்"னு டீக்கடையில நீ அடிச்ச பேச்சு, நம்ம கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வரைக்கும் கேட்டுது மாப்ள. அங்க வரிசையில நின்ன லாரிக்காரங்க ஏக்கமாப் பாத்தாங்க. பாவம், அவங்க இன்னும் பொள்ளாச்சியே தாண்டலை.

நாலு மணி நேரம்னு காட்டுன உன் ஃபோன் பொய் சொல்லலை. கொச்சி ஏர்போர்ட்டு இருக்கிற நெடும்பாசேரியில இருந்து துபாய்க்கு ஆகாச மார்க்கமா சுமார் 2,800 கிலோமீட்டர். கோயமுத்தூர்ல இருந்து சார்ஜா போனாலும் ஏறக்குறைய அதேதான். மணிக்கு 850 கிலோமீட்டர் பறக்கிற பிளேனுக்கு மூணேகால் மணி நேரம் போதுமே, மிச்சம் எங்க போச்சுன்னு நீ கேக்கலை. படிச்ச புள்ள, கேக்க மாட்டே. நான் சொல்றேன். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, மேல ஏறுறது, இறங்குறது, எதிர்காத்து எல்லாம் அந்த நாலுல சேர்த்தி. பனிக்காலத்துல மேல காத்து மேற்கேருந்து கிழக்க அடிக்கும். அதனால சம்பாதிக்கப் போறவனை மெதுவாக் கொண்டு போயி, செலவழிக்க வர்றவனைச் சுருக்கா இறக்கி விட்டுரும். காத்துக்கும் நம்மாளுங்களைத் தெரிஞ்சிருக்கு.

இன்னொண்ணு. அங்க கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. ஆறு மணிக்குக் கிளம்புனா அவங்க கணக்குல எட்டரைக்கே இறங்கிருவே. லாபம்னு எனக்கு ஃபோன் போட்டுறாத. திரும்பி வர்றப்ப ஒரு நிமிஷம் பாக்கியில்லாமப் புடிச்சுக்குவாங்க.

அது கெடக்கட்டும். இங்கிருந்து கோயமுத்தூர் ஏர்போர்ட்டு சுமார் 70 கிலோமீட்டர். நெடும்பாசேரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நீ எங்க டிக்கெட் போட்டே? ஐந்நூறு ரூவா குறைச்சல்னு நெடும்பாசேரியில. கெட்டிக்காரன்! அந்த ஐந்நூறு வடக்கஞ்சேரி தாண்டுறதுக்குள்ள டாக்சிக்காரன் பாக்கெட்டுல இருக்கும். பன்னியங்கரையில ஒரு டோல், பாலியேக்கரையில ஒரு டோல். நடுவுல குதிரான் மலை ஏத்தம். 2021-ல மலையைக் குடைஞ்சு ஒரு கிலோமீட்டருக்குச் சித்தெ குறைச்சலா டனல் திறந்தாங்க, இப்ப ரெண்டு நிமிஷம். அதுக்கு முன்னாடி அந்த ஏத்தத்துல ஒரு லாரி படுத்துதுன்னா, பிளேனு அது பாட்டுக்குப் போயிரும். நீ டாக்சியில உக்காந்து அண்ணாந்து பாக்கலாம்.

போயிச் சேந்தாலும் மூணு மணி நேரம் முன்னாடியே உள்ள நிக்கோணும். பெட்டியில உங்கம்மா கொப்பரை வெச்சிருந்தா முன்னாடியே எடுத்துப் போட்டுரு. எண்ணெய்ச்சத்து, தீப்பத்தும்னு 2022-லயே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரனுக்கு இது பெரிய அவமானந்தான், என்ன பண்றது. அந்தப் பெட்டியைத் திறந்து, பனியன் முதக்கொண்டு வெளிய பரப்பி, மறுபடி அடுக்கறதுக்குள்ள உனக்குப் பின்னாடி வந்தவன் ஜன்னல் சீட்டு வாங்கிருப்பான். அங்க இறங்கி முத்திரை குத்தி, பெட்டி வந்து, ரூமுக்குப் போய்ச் சேர்றதையும் கூட்டிக்கோ. ராத்திரி கிளம்புனா மறுநாள் மத்தியானச் சோத்துக்குத்தான் நீ துபாய்க்காரன்.

ஆனாலும் கேக்கறவங்ககிட்ட நாலு மணி நேரம்னே சொல்லு மாப்ள, கெத்தா இருக்கும். உங்கம்மாகிட்ட மட்டும் வாயைத் திறந்துறாத. "நாலு மணி நேரந்தானே, மாசம் ஒருக்கா வந்து சாப்பிட்டுப் போ"ம்பா. லீவு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காத்தான்னு அப்ப நீயே சொல்லிக்கோ. நான் சொல்ல மாட்டேன். அவ கையில கரண்டி இருக்கும்.